ஸ்டூடியோ இருந்த இடத்தில் மால்: கோடம்பாக்கத்தில் யார் தோற்றது, யார் தப்பித்தது?

வடபழனிவாசி (இழையைத் தொடங்கியவர்)

போன வாரம் இன்னொரு இழையில், ஓடிடி கம்பெனிகள் படம் வாங்குவதைக் குறைத்துவிட்டன, சின்னத் தயாரிப்பாளர்கள் கதி என்ன என்று பேச்சு ஓடியது. நடுவில் ஒருவர் வந்து, "காலத்துக்கு ஏற்ப மாறாதவன் போய்ச் சேருவான். ஜெமினி, வாகினி, மாடர்ன் தியேட்டர்ஸ் எல்லாம் அப்படித்தான் போனது" என்று ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போய்விட்டார். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. அங்கே எழுதினால் பேச்சு திசைமாறும் என்பதால் இங்கே தனியாக.

வாகினியை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியாவிலேயே பெரிய ஸ்டூடியோ என்று ஒரு காலத்தில் பெயர் வாங்கியது. அதை நடத்தி, மிஸ்ஸியம்மா, மாயா பஜார், எங்க வீட்டுப் பிள்ளை எல்லாம் எடுத்த நாகி ரெட்டி, 1972இல் வடபழனியிலேயே விஜயா மருத்துவமனையைத் தொடங்கினார். சினிமாவில் கொடி பறந்துகொண்டிருந்தபோதே! ஸ்டூடியோ நிலத்தில் 2013இல் மால் திறந்தார்கள். அதற்குள் பலாஸோ மல்டிபிளெக்ஸ். படம் எடுத்த இடத்தில் இப்போது படம் ஓட்டுகிறார்கள், பாப்கார்னோடு.

ஜெமினி முதலாளி வாசன் 1969இல் காலமானார். எழுபதுகளில் ஸ்டூடியோ மூடப்பட்டது. அந்த இடத்தில் 2002இலிருந்து பார்க் ஹோட்டல் நிற்கிறது. பக்கத்து மேம்பாலத்துக்கு அண்ணா பெயர் வைத்து அரை நூற்றாண்டு ஆகிறது, கண்டக்டர் இன்னும் "ஜெமினி இறங்கு" என்றுதான் சொல்கிறார். ஆனால் வாசன் 1928இல் வாங்கிய விகடன் பத்திரிகை நின்றுபோகவில்லை. அவர்களே விகடன் டெலிவிஸ்டாஸ் என்று தொடங்கி சன் டிவிக்கு சீரியல் எடுத்தார்கள். 2003இல் ஆரம்பித்த கோலங்கள் ஆறு வருஷம் ஓடியது. சினிமாவை விட்ட வீடு டிவி வழியாக உள்ளே வந்திருக்கிறது.

ஆக இதில் தோற்றது யார்? ஸ்டூடியோவா, கம்பெனியா, குடும்பமா? விஷயம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். ரசிகர் சண்டை வேண்டாம்.

ஆடிட்டர்_நங்கநல்லூர்

நல்ல இழை. கணக்குப் பார்க்கிறவன் கண்ணோட்டத்தில் சொல்கிறேன்.

ஸ்டூடியோ ஃப்ளோர், அதாவது செட் போடும் கொட்டகை, கால்ஷீட் கணக்கில் வாடகைக்கு விடும் சொத்து. ஆள் வந்தால் பணம். வராவிட்டாலும் வாட்ச்மேன், மின்சார வாரியத்தின் குறைந்தபட்சக் கட்டணம், சொத்து வரி எல்லாம் கட்டியாக வேண்டும். ஐம்பதுகளில் மதராஸ் ஃப்ளோர்கள் நிரம்பி வழிந்ததற்குக் காரணம் தமிழ்ப் படம் மட்டும் இல்லை. தெலுங்கு, கன்னடம், மலையாளம் மூன்றுக்கும் பெரும்பாலும் இங்கேதான் வேலை நடந்தது. ஜெமினியும் ஏவிஎம்மும் இந்திப் படங்களும் எடுத்தார்கள். ஒரு ஊரில் நாலைந்து மொழிகளின் வியாபாரம்.

எழுபதுகளில் அது உடைய ஆரம்பித்தது. ஆந்திர அரசு சலுகை கொடுத்து ஹைதராபாத்துக்குக் கூப்பிட்டது. நாகேஸ்வர ராவ் அங்கே அன்னபூர்ணா ஸ்டூடியோவைக் கட்டினார். 1996இல் ராமோஜி ஃபிலிம் சிட்டி வேறு. மலையாளமும் கன்னடமும் அவரவர் ஊருக்குப் போயின. வாகினி தெலுங்குக்காரர்கள் கட்டிய ஸ்டூடியோ, அதன் பெரிய வாடிக்கையாளர் தெலுங்கு சினிமா. அந்த வாடிக்கையாளரே ஊரைக் காலி செய்தபோது ஃப்ளோரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இதே சமயம் வடபழனி மண்ணின் விலை ஏறிக்கொண்டே போனது. அரை நாள் வாடகைக்கு ஆள் தேடும் கொட்டகையா, மருத்துவமனையா என்று என்னிடம் கேட்டிருந்தால் நானும் மருத்துவமனை என்றுதான் கையெழுத்துப் போட்டிருப்பேன். முதலீட்டை வேறு தொழிலுக்கு நகர்த்தினார்கள். இதில் அழுவதற்கு ஒன்றுமில்லை.

சேலத்துக்காரன்

ஆடிட்டர் சார், வடபழனி மண்ணுக்கு உங்கள் கணக்கு சரி. எங்கள் ஊருக்கு அதை வைத்துப் பார்க்க முடியாது.

மாடர்ன் தியேட்டர்ஸ் நூறு படங்களுக்கு மேல் எடுத்த கம்பெனி. முதல் மலையாளப் பேசும்படம் பாலன் (1938) அவர்களுடையது. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) அவர்களுடையது. மலையாளத்தின் முதல் வண்ணப்படமும் அவர்களே. "காலத்துக்கு ஏற்ப மாறாதவன்" என்று இவர்களைச் சொல்ல மனசு எப்படி வந்தது? புதுசாக எது வந்தாலும் முதலில் கையில் எடுத்துப் பார்த்தவர் அதன் முதலாளி டி.ஆர். சுந்தரம். இங்கிலாந்தில் நெசவுத் தொழில்நுட்பம் படித்தவர், ஸ்டூடியோவையும் ஒரு மில் மாதிரியே நடத்தினார் என்பார்கள். சங்கு ஊதினால் எல்லோரும் ஃப்ளோரில் இருக்க வேண்டும், அது எப்பேர்ப்பட்ட நடிகராக இருந்தாலும்.

அந்த முறைக்கு ஒரு நிபந்தனை இருந்தது. நடிகர், வசனகர்த்தா, இசையமைப்பாளர் எல்லோரும் மாதச் சம்பளத்தில் சேலத்திலேயே தங்க வேண்டும். மந்திரிகுமாரி (1950) காலத்தில் கருணாநிதியும் எம்ஜிஆரும் சேலத்துக்கு வந்து வேலை பார்த்தார்கள். அறுபதுகளில் பெரிய நடிகர் ஒருவர் ஒரே நாளில் காலையில் ஒரு படம், மாலையில் இன்னொரு படம் என்று கால்ஷீட் கொடுக்கத் தொடங்கிய பிறகு, அவர் சேலத்துக்கு ரயில் ஏறி வந்து ஒரு மாதம் தங்குவாரா? வேலைக்கான ஆள்கள் எல்லாம் கோடம்பாக்கத்தில், ஸ்டூடியோ மட்டும் ஏற்காடு அடிவாரத்தில்.

சுந்தரம் 1963இல் காலமான பிறகும் உடனே மூடிவிடவில்லை. அவருடைய மகன் ஜெய்சங்கரை வைத்து துப்பறியும் படங்களாக எடுத்துத் தள்ளினார். வல்லவன் ஒருவன், சி.ஐ.டி. சங்கர் எல்லாம் அந்த வரிசை. குறைந்த செலவு, வேகமான படப்பிடிப்பு, நிச்சய வசூல். எனக்குக் கேட்டால் அதுவும் ஒரு மாற்றம்தான், அதுவும் புத்திசாலித்தனமான மாற்றம். ஆனாலும் எண்பதுகள் வரைக்கும்தான் இழுக்க முடிந்தது. இன்று வீட்டுமனைகள். முகப்பு வளைவு மட்டும் ரோட்டோரம் நிற்கிறது.

கேள்விக்குறி

எல்லோரும் முதலாளிகளுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள். 1977இல் 16 வயதினிலே வந்தபோதே சினிமா ஃப்ளோரை விட்டு வெளியே போய்விட்டது. ஜனங்களுக்கு அட்டை மரமும் பெயின்ட் அடித்த வானமும் அலுத்துவிட்டது. கேமரா கைக்கு அடக்கமாகிவிட்டது. நிஜமான கிராமத்தில் நிஜமான வெயில் இலவசமாகக் கிடைக்கும்போது எவன் செட் போடுவான்? இது கண்ணுக்கு முன்னால் நடந்தது. பார்க்காமல் விட்டது யார் தப்பு?

அப்புறம், ஏவிஎம் எப்படி நின்றது? அதே வடபழனி, அதே மண் விலை, அதே தெலுங்குக்காரர்கள் போன கதை. ஆடிட்டர் சார் கணக்குப்படி அவர்களும் எழுபதுகளிலேயே ஆஸ்பத்திரி கட்டியிருக்க வேண்டுமே.

வடபழனிவாசி

கேள்விக்குறி கேட்டது சரியான கேள்வி. ஏவிஎம் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

மெய்யப்பச் செட்டியார் சினிமாவுக்கு வந்த வழியே வேறு. மதராஸில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் என்று கிராமபோன் இசைத்தட்டு வியாபாரம். அங்கிருந்து பட முதலாளி ஆனார். முதல் படம் அல்லி அர்ஜுனா (1935) கல்கத்தாவில் எடுத்தது, படுத்துவிட்டது. ஆனால் இசைத்தட்டு விற்றவருக்கு ஒன்று தெரியும்: தட்டு ஒருமுறை பதிவானால் திரும்பத் திரும்ப விற்கலாம். 1938இல் நந்தகுமார் படத்திலேயே ஒருவர் நடிக்க இன்னொருவர் குரல் கொடுக்கும் பின்னணிப் பாட்டைப் பரிசோதித்தார். கன்னட ஹரிச்சந்திராவை 1944இல் தமிழில் டப்பிங் செய்து வெளியிட்டார். ஒரே சரக்கை இரண்டு சந்தையில் விற்பது. இன்று "பான் இந்தியா" என்று தட்டும் மேளத்தை அவர் அப்போதே தட்டியாயிற்று.

இன்னொரு சங்கதி. பாரதியார் பாட்டுகளை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமை அவர் கையில் இருந்தது. நாம் இருவர் (1947) படத்தில் பாரதி பாட்டுகள் வந்தது அப்படித்தான். பிறகு 1949இல் ஓமந்தூரார் அரசு கேட்டபோது காசு வாங்காமல் கொடுத்துவிட்டார். அந்தக் காலத்தில் ஒரு பாட்டின் உரிமைக்கு விலை உண்டு என்று தெரிந்து வாங்கி வைத்தவர்கள் எத்தனை பேர்? மற்ற முதலாளிகள் தங்கள் சொத்து ஃப்ளோரும் கேமராவும் என்று நினைத்தபோது, இவர் உரிமையையும் சொத்தாகப் பார்த்தார் என்பது என் வாதம்.

அப்புறம் டிவி. தூர்தர்ஷன் காலத்திலேயே ஏவிஎம் ரகுவரனை வைத்து ஒரு மனிதனின் கதை எடுத்தது. பெரிய சினிமா கம்பெனிகள் டிவியைத் தீண்டத்தகாததாகப் பார்த்த காலம் அது. பின்னால் 2007இல் சிவாஜி, 2009இல் அயன். 2022இல் சோனி லிவ்வுக்கு ஒரு வெப் தொடர் எடுத்தார்கள், திருட்டுப் படத் தளத்தைப் பற்றி. அந்தத் தலைப்பைத் தேர்ந்தெடுத்தவருக்கு ஒரு சல்யூட்.

ஆடிட்டர்_நங்கநல்லூர்

கொஞ்சம் நிதானம். ஏவிஎம்மையும் ரொம்ப ஏற்றி வைக்க வேண்டாம். அங்கேயும் நிலத்தில் ஒரு பகுதி அடுக்குமாடி ஆகிவிட்டது. அயன் வந்த சமயத்துக்குப் பிறகு பெரிய பட்ஜெட் படத்தில் இறங்குவதை ஏறத்தாழ நிறுத்திக்கொண்டார்கள். 2023இல் பழைய கார்களையும் கேமராக்களையும் வைத்து அருங்காட்சியகம் திறந்தார்கள். கணக்குப் புத்தகத்தில் அது எந்தத் தலைப்பில் வரும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் உரிமை பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன். பழைய தயாரிப்பாளர் பலர் அடுத்த படத்துக்குப் பணம் புரட்ட, முந்தைய படத்தின் நெகட்டிவ் உரிமையை மொத்தமாக எழுதிக் கொடுத்துவிட்டார்கள். டிவி என்ற சொல்லே ஒப்பந்தத்தில் இல்லாத காலம். தனியார் சேனல்கள் வந்து பழைய படங்களுக்கு விலை பேசியபோது அந்தப் பணம் யாருக்குப் போனது? எடுத்தவருக்கு இல்லை, பத்திரம் வைத்திருந்தவருக்கு. இப்படி வந்த வழக்குக் கட்டுகள் சென்னை உயர் நீதிமன்றத்தில் எத்தனையோ.

லைட்மேன்_மகன்

எல்லாம் படித்தேன். குடும்பம் நன்றாக இருக்கிறது, மருத்துவமனை ஓடுகிறது, முதலீடு நகர்ந்தது. சரி. நகராத ஆள்களைப் பற்றி யாரும் எழுதவில்லையே?

என் அப்பா ஒரு ஸ்டூடியோவில் எலெக்ட்ரிகல் டிபார்ட்மென்ட். எது என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மாதச் சம்பளம், பிஎஃப், தீபாவளிக்கு வேட்டி. மேலே கேட்வாக் என்கிற தொங்கு பலகையில் ஏறி நின்று ஃபைவ் கிலோவாட் லைட்டைத் திருப்புவார். பலகை அவ்வளவு சூடாகும், செருப்பு இல்லாமல் நிற்க முடியாது. வேலை குறைந்தபோது ஒருநாள் கணக்குத் தீர்த்து அனுப்பினார்கள். வர வேண்டிய பணம் முழுசாக வரவில்லை என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். பிறகு யூனியன் கார்டு எடுத்து அவுட்டோர் யூனிட்டில் தினப் பேட்டாவுக்குப் போனார். வேலை அதே வேலைதான். லைட், கேபிள், ஜெனரேட்டர் எல்லாம் அப்படியே. ஃப்ளோரிலிருந்து லாரிக்கு மாறியதுதான் வித்தியாசம்.

அந்த லாரிதான் என் பாயிண்ட். கேள்விக்குறி அண்ணே, சினிமா வெளியே போனது, நிஜ வெயில் இலவசம் என்று எழுதினீர்கள். இலவசம் எதுவும் இல்லை. வெயிலில் எடுத்தாலும் முகத்துக்கு ரிஃப்ளெக்டர் வேண்டும், இரவுக் காட்சிக்கு ஜெனரேட்டர் வேண்டும். அதை வாடகைக்கு விட்ட அவுட்டோர் யூனிட்காரர்கள் அந்தப் பத்து வருஷத்தில் நன்றாகச் சம்பாதித்தார்கள். ஸ்டூடியோக்காரரிடம் லைட் இருந்தது, ஆள் இருந்தது, பெயர் இருந்தது. லாரி வாங்கியிருந்தால் போதும். ஏன் வாங்கவில்லை? நிலம் இருந்தது, அதனால் வாங்கவில்லை. கஷ்டப்பட்டு மாறுவதைவிட விற்பது சுலபம். நிலம் இல்லாதவன்தான் லாரி வாங்கினான்.

கேள்விக்குறி

தம்பி சொல்வது நறுக்கென்று இருக்கிறது. பதில் சொல்ல முயற்சி செய்தேன், வரவில்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மாதச் சம்பள முறையே படங்களைக் கெடுத்தது என்று சொல்வார்களே? ஜெமினியில் கதை இலாகா என்று ஒரு டிபார்ட்மென்டே இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு மாதிரி ஜாம்பவான்களோடு, சும்மா உட்கார்ந்து காபி குடித்தவர்களும் இருந்ததாகத்தானே கேள்வி?

வடபழனிவாசி

இருந்திருப்பார்கள். அதே ஜெமினியில்தான் அசோகமித்திரன் பேப்பர் கட்டிங் ஒட்டுகிற வேலை பார்த்தார். அதே ஜெமினியில்தான் நடிக்க வந்தவர்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கும் பிரிவில் கணேசன் என்று ஓர் இளைஞர் இருந்தார். அவர் பெயரோடு ஸ்டூடியோ பெயரும் ஒட்டிக்கொண்டது, ஸ்டூடியோ போன பிறகும். சந்திரலேகா (1948) மாதிரி ஒரு படத்தை, அந்த முரசு நடனக் காட்சியை, தினப் பேட்டா கும்பலை வைத்து மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்து எடுக்க முடியுமா? சம்பளப் பட்டியலில் ஆள் இருந்ததால்தான் முடிந்தது. காபிக் கணக்கை அதில் கழித்துக்கொள்ளுங்கள்.

நெகட்டிவ்கட்டர்

தாமதமாக வருகிறேன். இந்தப் பேச்சில் பிரசாத் பெயர் ஏன் இன்னும் வரவில்லை?

எல்.வி. பிரசாத் கடைசியாக வந்தவர், ஸ்டூடியோவும் வைத்தார், எழுபதுகளில் லேபும் வைத்தார். அதுதான் பிடிமானம். ஃப்ளோரில் எடுத்தாலும் வயலில் எடுத்தாலும் ஃபிலிம் கழுவ லேபுக்கு வந்தே ஆக வேண்டும். வெளிப்புறப் படப்பிடிப்பு ஸ்டூடியோவை அடித்தபோது லேபுக்கு நல்ல காலம். எண்பது, தொண்ணூறுகளில் பொங்கல், தீபாவளிக்கு முந்தைய வாரம் லேபில் யாரும் வீட்டுக்குப் போக மாட்டோம். பிரிண்ட் பிரிண்டாகப் போய்க்கொண்டிருக்கும். ஜெமினியின் பெயரில்கூட ஸ்டூடியோ மூடிய பிறகு கலர் லேப் பல வருஷம் ஓடியது.

அப்புறம் டிஜிட்டல் வந்தது. 2010 வாக்கில் பிரிண்ட் எண்ணிக்கை சரிய ஆரம்பித்தது, மூன்று நான்கு வருஷத்தில் லேபே முடிந்தது. ஸ்டூடியோ சாக இருபது வருஷம் எடுத்தது, லேப் அவ்வளவு கூட எடுக்கவில்லை. என் தொழிலும் அதோடு போனது. வெள்ளைக் கையுறை போட்டு, விளிம்பு நம்பர் பார்த்து நெகட்டிவ் வெட்டி, பிளேடால் எமல்ஷனைச் சுரண்டி சிமென்ட் தடவி ஒட்டுகிற வேலை. அரை ஃபிரேம் தப்பானால் திரும்ப ஒட்ட வழியில்லை.

பிரசாத் என்ன செய்தார்கள் என்றால், கழுவத் தெரிந்த கைகளைப் பழைய ஃபிலிமைச் சுத்தம் செய்து ஸ்கேன் செய்யும் வேலைக்குத் திருப்பினார்கள். வெளிநாட்டு ஆவணக் காப்பகங்கள் வரை வேலை வந்தது. ஜெர்மனியில் ஃபிலிம் ஸ்கேனர் செய்யும் டிஎஃப்டி கம்பெனியையே வாங்கிவிட்டார்கள். உலகத்துக்கே ஃபிலிம் முடிந்துவிட்டது என்றபோது, முடிந்ததை எடுத்து வைக்கும் வேலை மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்கள். லைட்மேன் மகன் சொன்ன லாரி இதுதான் என்று நினைக்கிறேன்.

ஆடிட்டர்_நங்கநல்லூர்

டிஜிட்டல் என்று சொல்லிவிட்டு க்யூபை விட்டுவிட்டீர்களே. அதுவும் நம்ம ஊர் கம்பெனிதான். எண்பதுகளில் விளம்பரப் படத்தில் தொடங்கிய ரியல் இமேஜ்தான் இந்த க்யூப். கம்ப்யூட்டர் எடிட்டிங், டிடிஎஸ் சத்தம், கடைசியில் தியேட்டருக்கே டிஜிட்டல் புரொஜெக்ஷன் என்று ஒவ்வொரு அலையிலும் முன்னால் நின்றார்கள். நிலமும் இல்லை, ஃப்ளோரும் இல்லை.

நெகட்டிவ்கட்டர்

விடவில்லை, வருகிறேன். பிரிண்ட் செலவு மிச்சம் என்றுதான் எல்லோரும் டிஜிட்டலுக்குப் போனார்கள். பிறகு விபிஎஃப் (விர்ச்சுவல் பிரிண்ட் ஃபீ) என்று ஒவ்வொரு தியேட்டருக்கும் தயாரிப்பாளர் கட்டணம் கட்ட வேண்டி வந்தது. புரொஜெக்டர் தியேட்டரில் இருக்கிறது, தியேட்டர்காரர் டிக்கெட் விற்கிறார், வாடகை நான் ஏன் கட்ட வேண்டும் என்பது தயாரிப்பாளர் கேள்வி. 2018 மார்ச் 1 முதல் புதுப்படம் எதுவும் வெளியிடாமல் ஸ்டிரைக் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஏப்ரல் வரை இழுத்தது. க்யூப் மாதிரி கம்பெனிகளையும் குறை சொல்ல முடியாது, கருவியை அவர்கள் கைக்காசு போட்டு வைத்தார்கள். ஆனால் கவனியுங்கள்: முன்பு ஃப்ளோர் வாடகை, அப்புறம் லேப் பில், இப்போது விபிஎஃப். தயாரிப்பாளர் யாருக்காவது வாடகை கட்டிக்கொண்டே இருக்கிறார்.

கேள்விக்குறி

ஓடிடியும் இதே கதைதானே? கொரோனா சமயத்தில் கேட்ட விலை கொடுத்தார்கள். அதை நம்பி நடிகர் சம்பளம் ஏறியது. ஓடிடி விற்ற பிறகுதான் ரிலீஸ் தேதியே என்று ஆனது. இப்போது அவர்கள் கையை இறுக்கியதும் முடிந்த படங்கள் பெட்டியில் தூங்குகின்றன. ஜியோவும் ஹாட்ஸ்டாரும் ஒன்றான பிறகு வாங்குகிறவர்களின் எண்ணிக்கையும் குறைந்துவிட்டது. தெலுங்குக்காரர்கள் போனபோது வாகினிக்கு நடந்தது மாதிரி இல்லையா?

வடபழனிவாசி

ஒரு வித்தியாசம். வாகினிக்காரரிடம் விற்க நிலமாவது இருந்தது. இன்றைய தயாரிப்பாளரிடம் இருப்பது ஆபீஸ் வாடகை ஒப்பந்தமும் படத்தின் உரிமையும்தான். அந்த உரிமையையும் ரிலீஸுக்கு முன்பே ஃபைனான்சியர் பெயரில் எழுதிக் கொடுத்தால், ஆடிட்டர் சார் சொன்ன நெகட்டிவ் பத்திரக் கதை மறுபடி ஆரம்பம்.

லைட்மேன்_மகன்

நெகட்டிவ்கட்டர் சார், ஒரு சந்தேகம். 2012இல் கர்ணன் படத்தைச் சுத்தம் செய்து திரும்ப வெளியிட்டு ஓடோ ஓடென்று ஓடியதே. இன்றைக்கு டிஜிட்டலில் எடுக்கும் படத்தை ஐம்பது வருஷம் கழித்து அப்படி எடுக்க முடியுமா? உரிமை கையில் இருந்தாலும் சரக்கு இருக்க வேண்டுமே.

நெகட்டிவ்கட்டர்

இப்போதே முடியவில்லை தம்பி. போன வருஷம் ஒருவர் 1960களின் கறுப்பு வெள்ளை நெகட்டிவ் கொண்டுவந்தார். டப்பாவைத் திறந்தால் வினிகர் நெடி மூக்கைத் துளைக்கிறது, ஃபிலிம் சுருங்கி ஓரம் நெளிந்திருக்கிறது. ஆனாலும் ஸ்கேனரில் ஓட்டி முக்கால்வாசி எடுத்துவிட்டோம். அதே மாதம் இன்னொருவர் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தைய படத்தை ஹார்ட் டிஸ்கில் கொண்டுவந்தார். பீரோவில் வைத்திருந்தாராம். டிஸ்க் சுற்றவே இல்லை. இன்னொரு காப்பி எடிட்டரிடம் இருந்தது, எடிட்டர் தொழிலை விட்டுவிட்டார்.

இதைப் படிக்கும் தயாரிப்பாளர் யாராவது இருந்தால்: மாஸ்டரை எல்டிஓ டேப்பில் (கம்ப்யூட்டர் ஃபைல்களைச் சேமிக்கும் காந்த நாடா) இரண்டு காப்பி போட்டு இரண்டு வேறு இடத்தில் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் வைத்திருந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது செருகி ஓட்டிப் பாருங்கள்.

ஆடிட்டர்_நங்கநல்லூர்

டேப் செலவு எவ்வளவு ஆகும் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள் சார். என் கட்சிக்காரர் ஒருவரிடம் ஆறு படம் இருக்கிறது. எல்லாம் பீரோவில்தான்.